வெளியே நிற்கும் அரை லிட்டர்

இடது கை புனலின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கை சிவப்புக் கேனைப் படுக்க வைத்து, அதன் வாய் மேற்பக்கம் இருக்கும்படி மெல்லச் சாய்த்தது. அப்படிச் சாய்த்தால்தான் கேன் காற்றை விழுங்கித் துப்பாது. ஆயில் ஒரே நூலாக இறங்கும். தேன் நிறத்து நூல் குப்பிக்குள் சுருண்டு சுருண்டு படிந்தது. குப்பியின் தோளில் ஊசியால் கீறிய ஒரு கோடு. ஆயில் அதைத் தொட்டதும் வலது கை நின்றது. கண்கள் குப்பியின் உயரத்துக்குக் குனிந்து, கோடும் ஆயில் மட்டமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தன. பிறகு மூடி. பிறகு அடுத்த குப்பி.

ஐந்து லிட்டர் கேன் ஒன்று. ஒரு லிட்டர் குப்பிகள் ஐந்து. பெரியதில் இருப்பதைச் சிறியவற்றுக்கு மாற்றுவதுதான் நடந்துகொண்டிருந்த வேலை. முப்பத்தோரு வருடம் லேத்தில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைந்த கைகள் அவை. 

"ஸ்தோயில் அண்ணே," என்று பக்கத்து ஷெட்டுக்காரன் கோலியோ குரல் கொடுத்தான். கேட்டுக்கு இரும்புப் பட்டை அறுத்துக்கொண்டிருந்தவன், மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். "அந்த அஞ்சு லிட்டரும் எப்படியும் ஒரே ஓட்டைக்குள்ளதானே போகப் போவுது? நடுவுல எதுக்கு இத்தனை சத்திரம்?"

ஸ்தோயில் கடைசிக் குப்பியைப் புனலுக்குக் கீழே நகர்த்தினார். ஐந்தாவது குப்பியில் ஆயில் கோட்டுக்கு ஒரு தாளின் தடிமன் கீழே நின்றது. கேனின் உள்சுவரில் ஒட்டியிருப்பது இன்னும் இறங்க வேண்டும். அவர் கேனைப் புனலின் மேல் தலைகீழாக நிறுத்தி, சுவரில் ஆணியிலிருந்து தொங்கிய கயிற்றால் கட்டினார். அரை மணி நேரம் அது அப்படியே நிற்கும்.

"கேனுக்குத் தூக்குத் தண்டனையே குடுத்துட்டாரு," என்றான் கோலியோ.

எங்கள் கப்ரோவோ ஊரில் யந்த்ரா ஆற்றை ஒட்டி, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால், தகரக் கதவு போட்ட கார் ஷெட்கள் இருபது வரிசையாக நிற்கின்றன. பதினோராவது ஸ்தோயிலுடையது. தரையில் ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி வெட்டியது அது ஒன்றுதான். அதனால் சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் தன் வண்டியை அந்தக் குழிமேல் கொண்டுவந்து நிறுத்துவார். ஸ்தோயில் ஆயில் மாற்றித் தருவார். கூலி வாங்கமாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. "குப்பியில கொண்டா. கேன்ல கொண்டாந்தா வேற இடம் பாரு."

இது எங்கள் ஊரில் சொல்லத் தகுந்த வார்த்தை அல்ல. பூனை உள்ளே வரும்போது கதவு திறந்திருக்கும் நேரம் குறைந்தால் வீட்டுச் சூடு மிஞ்சும் என்று அதன் வாலை நறுக்கிய கஞ்சர்கள் என்று நாடு முழுவதும் எங்களைப் பற்றிச் சிரிக்கிறது. ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் கணிசமாக மிச்சம். நாலு லிட்டர் கேனும் ஒரு லிட்டர் குப்பியும் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் நஷ்டம். ஐந்தையும் தனித்தனிக் குப்பியாக வாங்குகிறவன் ஒன்று பைத்தியக்காரன், அல்லது வெளியூர்க்காரன். "உங்களால ஊர் மானமே போவுது அண்ணே," என்று ஷெட் வரிசையில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சொல்லிவிட்டுக் குப்பியில்தான் கொண்டுவருவார்கள். அவர் மாற்றிய வண்டி எதிலும் கீழே ஒரு சொட்டு கசிந்ததாக இதுவரை பேச்சில்லை.

கொண்டுவந்த ஆயிலை அவர் தன் சொந்தக் குப்பிகளுக்கு மாற்றிக்கொள்வார்; அவற்றைக் கையாளும் விதம் தனி. எஞ்சின் பக்கத்தில் ஒரு பலகை. நிறைந்த குப்பிகள் மூடியோடு இடது பக்கம். ஊற்றி முடித்த குப்பி மூடியில்லாமல் வலது பக்கம். ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் அடித்த தகரத் துண்டைக் கம்பியில் கட்டியிருப்பார். ஊற்றும்போது யார் பேசினாலும் காது கொடுக்கமாட்டார். எத்தனை ஊற்றினோம் என்று மனத்தை நம்புவதில்லை. வலது பக்கம் நிற்பவற்றைத்தான் நம்புவார். அந்தக் காலிக் குப்பிகளை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை தபால்காரர் சிகரெட் சாம்பலைத் தட்ட ஒரு காலிக் குப்பியை எடுத்துக்கொண்டார் என்பதற்காக, ஊற்றியது முழுவதையும் இறக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குப்பிகளின் தோளில் உள்ள கோடுகள் அவரே போட்டவை. கடைக்காரன் சொல்லும் லிட்டர் அவருக்குப் போதாது. ஒவ்வொரு குப்பியிலும் ஒரு கிலோ தண்ணீரை நிறுத்து ஊற்றி, அது நின்ற இடத்தில் கீறல் போட்டு, பிறகு குப்பிகளைக் கவிழ்த்து மூன்று நாள் கணப்பு மேல் காயவைத்தார். ஒரு துளி ஈரம்கூட ஆயிலில் சேரக்கூடாது என்று, காய்ந்த பிறகும் வெளிச்சத்தில் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில், கோடுகள் இடம் மாறியிருக்குமோ என்பதுபோல மறுபடியும் நிறுத்துப் பார்ப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர் இப்படி இல்லை. அப்போது அவரும் எல்லோரையும்போலக் கேன் கணக்கில்தான் பேசினார். எங்கள் ஷெட் வரிசையில் வண்டியின் வயிற்றை யாரும் லிட்டரில் சொன்னதில்லை. "அது ஒரு கேன் குடிக்கும்," என்பார்கள். ஒரு கேன் என்றால் நாலு லிட்டர். எல்லாக் கடையிலும் நாலு லிட்டர் கேன்தான் இருந்தது. அதனால் அந்தச் சொல்லே அளவாகிவிட்டது. தம்பி மின்கோவின் பழைய டீசல் வேனும் ஒரு கேன் குடிக்கும் வண்டிதான். அந்த இலையுதிர் காலத்தில் மின்கோ புதிதாகத் திறந்த பெரிய கடையிலிருந்து கேன் வாங்கிவந்தான். அதே சிவப்பு, அதே கைப்பிடி, அதே மூடி. ஸ்தோயில் ஊற்றினார். கேன் காலியாகும்வரை ஊற்றினார். அது ஐந்து லிட்டர் கேன்.

மறுநாள் இருவரும் ஷிப்கா கணவாய் ஏறினார்கள், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கசன்லக்கிலிருந்து ஒரு பழைய அலமாரியை எடுத்துவர. ஏழாவது வளைவில் எஞ்சின் சத்தம் மாறியது. மின்கோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அது ஏறியது. பின்னால் வெள்ளைப் புகை மலைச்சரிவை மூடியது. தேய்ந்துபோன அந்த எஞ்சின், தன் வயிற்றில் அதிகமாகக் கிடந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்து, அதையே எரித்துத் தறிகெட்டு ஓடத் தொடங்கியிருந்தது. மின்கோ சாவியைத் திருகினான். நிற்கவில்லை. சாவியை உருவி ஸ்தோயிலின் கையில் திணித்தான். சாவி ஸ்தோயிலின் உள்ளங்கையில் இருந்தது. எஞ்சின் இன்னும் மேலே மேலே கத்திக்கொண்டிருந்தது. கியரிலிருந்து விடுபட்ட வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கவும் மின்கோ கதவைத் திறந்து குதித்தான். திறந்த கதவு அவனைத் தட்டிச் சாய்த்தது. வண்டியும் சாலையோரக் கல்சுவரும் சேர்ந்து அவன் வலது காலை நசுக்கின. வண்டி அங்கேயே நின்றதால் ஸ்தோயிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாவியின் பற்கள் மட்டும் அவர் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

மின்கோ அதன்பிறகு கைத்தடியோடு நடக்கிறான். சனிக்கிழமைகளில் ஷெட் வாசலில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் காலைப் பற்றித்தான் ஜோக் அடிப்பான். "எங்க அண்ணன் ஆயில் மாத்துனா வண்டி நல்லா ஓடும். நிக்காது, அவ்வளவுதான்." எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்தோயில் மட்டும் அந்த நேரத்தில் குழிக்குள் இறங்கி எதையாவது துடைப்பார். அந்த நாளைப் பற்றி அண்ணனும் தம்பியும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தச் சனிக்கிழமை குழிமேல் நின்றது மகள் நெவேனாவின் வண்டி. ஒன்பது வருடம் ஸ்டுட்கார்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தாள். அங்கே வாங்கிய சின்ன டீசல் காரையும் ஓட்டிவந்திருந்தாள். வேலை கிடைத்திருப்பது கசன்லக்கில். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் ஷிப்டு. அதாவது விடிவதற்கு முன், மூடுபனியில், அதே கணவாய். அதே ஏழாவது வளைவு. இனி தினமும்.

ஆயில் மாற்ற வேண்டும் என்று ஸ்தோயில் சொன்னதும், தானே கடைக்குப் போய்ச் சிவப்புக் கேனைத் தூக்கி வந்து அப்பாவிடம் நீட்டினாள். "தள்ளுபடியில போட்டிருந்தாங்கப்பா. அஞ்சு லிட்டர்." அவர் அதை வாங்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அங்க வை," என்றார்.

வண்டியோடு வந்த கையேட்டில், ஃபில்டரையும் சேர்த்து நாலரை லிட்டர் என்று போட்டிருந்தது. அவர் அதைச் சாக்பீஸால் ஷெட் கதவின் உள்பக்கம் எழுதினார். எழுதிய பிறகு கையேட்டை மறுபடியும் திறந்து பார்த்தார். நாலு லிட்டர் கேன் வாங்கியிருந்தால் அரை குறையும். ஐந்து வாங்கினால் அரை மிஞ்சும். குறைவதற்கு அவர் பயப்படுவதில்லை. மிஞ்சுவதுதான். மிஞ்சுவது எப்படியாவது உள்ளே போய்விடும்.

அன்று காலையே ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. சாப்பாட்டு மேசையில், "இன்னொரு துண்டு பனிட்சா வைக்கட்டுமா?" என்று ஸ்தோயில் கேட்டார். நெவேனா வாயில் வெண்ணெய்ப் பலகாரத்தோடு தலையை மேலும் கீழும் அசைத்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அப்பா, வேணும்னுதானே சொன்னேன்," என்று அவள் பின்னால் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் தலை இடவலமாக ஆடும்; இல்லை என்றால் மேலும் கீழும் அசையும். ஒன்பது வருடத்தில் அவள் தலை ஜெர்மன் பேசப் பழகிவிட்டது என்று சொல்லி வீடே சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

பழைய ஆயில் கறுப்பாக இறங்கி முடிந்தது. புது ஃபில்டர் மாட்டியாயிற்று. கீழே ஆயில் சேம்பரின் போல்ட்டைப் புதுச் செப்பு வளையம் போட்டு முறுக்கினார். மேலே ஏறிவந்து முதல் குப்பியை ஊற்றினார். காலியானதைப் பலகையின் வலது பக்கம் வைத்தார். இரண்டாவதையும் ஊற்றி, வைத்தார். வழக்கப்படி குழிக்குள் இறங்கிப் போல்ட்டைப் பார்த்தார். போல்ட்டின் விளிம்பில் ஒரு துளி ஆயில் மணியாகத் திரண்டிருந்தது.

புது ஆயில்தானா, துடைக்காமல் விட்டதா? துணியால் ஒற்றிவிட்டுக் காத்திருந்தார். வரவில்லை. ஆனால் மேலே எடை ஏறும்போதுதான் உண்மை தெரியும். ஊற்றும்போதே கீழே ஒருவர் பார்க்க வேண்டும். கால் மடங்காத மின்கோவைக் குழியில் இறக்க முடியாது. நெவேனாவுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது.

"நெவேனா, மூணாவதை மட்டும் நீ ஊத்தும்மா. மெல்ல. நூல் மாதிரி இறங்கணும். நான் கீழ இருந்து பாக்கறேன்."

"இதுக்கு ஏம்பா குரல் இப்படி ஆவுது? பாட்டில்தானே ஊத்தப் போறேன்."

பலகையிலிருந்து நிறைந்த குப்பியை வேறு ஒருவர் எடுத்து ஊற்றுகிறார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் குழிக்குள் நின்று விளக்கைப் போல்ட்டின் பக்கம் திருப்பினார். அப்போதுதான், தன் ஷெட்டுக்குத் திரும்பியிருந்த கோலியோ மறுபடியும் இரும்பை அறுக்கத் தொடங்கினான். மெஷின் முதலில் முனகியது, பிறகு ஏறியது, பிறகு தகரக் கதவுகள் அதிரக் கத்தியது. குழியின் நாலு சுவரும் அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தன.  வெளியே அறுபடுவது வெறும் இரும்புப் பட்டை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதில் நெவேனாவின் முகம் தெரிந்தது. குரல் எட்டாது. அவர் குழியின் முன்விளிம்பில் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டிக் கேட்டார்: முடிந்ததா?

அவள் தலை மேலும் கீழும் அசைந்தது.

இன்னும் இல்லை. மெல்ல ஊற்றச் சொன்னதை அப்படியே செய்கிறாள், நல்லது. அவர் விரலைச் சுழற்றினார்: ஊற்று. பிறகு போல்ட்டைப் பார்த்தார். மணி திரளவில்லை. மெஷின் கத்தியது. மறுபடியும் கையை நீட்டிக் கேட்டார். மறுபடியும் அவள் தலை மேலும் கீழும் அசைந்தது. ஒரு லிட்டருக்கா இவ்வளவு நேரம்? என் பெண், என்னைப்போலவே பயந்தவள். விரலைச் சுழற்றினார். போல்ட் காய்ந்து கிடந்தது.   மூன்றாவது தடவையும் கேட்டார், மூன்றாவது தடவையும் அவள் தலை மேலும் கீழும் அசைந்தது, மூன்றாவது தடவையும் விரலைச் சுழற்றினார்.

இடைவெளியிலிருந்து முகம் மறைந்தது. மேலே வெளிச்சம் குறைந்தது. எஞ்சின் மூடியை இறக்கிவிட்டாள். வண்டி லேசாக அமிழ்ந்தது. கதவு மூடிய அதிர்வு குழியின் சுவருக்குள் இறங்கியது.

ஏணியில் நாலு படி. அவர் எத்தனை படியில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. தலை தரைக்கு மேல் வந்ததும் முதலில் பார்த்தது பலகையை. இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கமும் ஒன்றும் இல்லை. வெறும் பலகை, அதன் மேல் வட்ட வட்டமாக எண்ணெய்த் தடம்.

நெவேனா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியில் கை வைத்திருந்தாள். அப்பா விரலைச் சுழற்றினார், குப்பி தீர்ந்துவிட்டது, எனவே எஞ்சினை ஓட்டச் சொல்கிறார். அவள் புரிந்துகொண்டது அவ்வளவுதான். ஜன்னல் வழியே எண்ணெய்க் கை ஒன்று உள்ளே பாய்ந்து, அவள் கையையும் சாவியையும் சேர்த்துப் பிடித்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. உதடுகள் அசைந்தன. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மின்கோ பெட்டியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் பக்கத்து ஷெட்டின் தகரத்தை ஓங்கி அடித்தான். மெஷின் நின்றது.

"எத்தனை ஊத்துனே?" என்று ஸ்தோயில் கேட்டது அப்போதுதான் வெளியே வந்தது. குரல் அவருடையதாக இல்லை.

"எல்லாந்தான். மூணும்."

"குப்பி எங்க?"

"பையில போட்டுட்டேன். பிளாஸ்டிக்கைத் தனியாத்தானே போடணும்?" மஞ்சள் பையைக் காட்டினாள். அவர் அதைத் தரையில் கவிழ்த்தார். ஐந்து குப்பிகள் உருண்டன. தகரத் துண்டுகள் சிமென்ட் தரையில் சிணுங்கின.

"முடிஞ்சுதான்னு கேட்டேன். நீ இல்லேன்னே."

"நான் எப்பப்பா இல்லேன்னேன்? ஆமான்னுதானே ஒவ்வொரு வாட்டியும்..." அவள் தலையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தினாள். பனிட்சாத் தட்டு அவளுக்கும் நினைவு வந்தது.

"பொண்ணே, உன் தலை இன்னும் ஸ்டுட்கார்ட்லயே இருக்கு," என்றான் மின்கோ.

வாசலுக்கு வந்திருந்த கோலியோ சிரிக்கத் தொடங்கினான். ஸ்தோயிலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவர் ஷெட் சுவரில் முதுகை வைத்து மெல்லத் தரையில் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கையில் இருந்தது.

"திங்கட்கிழமை பஸ்ல போ," என்றார்.

"ஏழு மணி ஷிப்டுக்குப் பஸ் எங்கப்பா இருக்கு? முதல் பஸ்ஸே ஏழரைக்கு."

"அப்ப அந்த வேலை வேணாம்."

"இந்த வேலைக்காகத்தான் திரும்பி வந்தேன்."

"அஞ்சு லிட்டர். ஒரு கேன் முழுசா. என் கையாலயே, என் விரலாலயே ஊத்தச் சொல்லியிருக்கேன்." அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். "இந்த வண்டி மலை ஏறக் கூடாது. இதைத் தொடற கையும் எனக்கு இல்லை. சாவி இங்கயே இருக்கட்டும்."

நெவேனா ஏதோ சொல்ல வந்தாள். மின்கோ கைத்தடியைத் தூக்கி அவளை நிறுத்தினான். எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, அண்ணன் முன்னால் நின்றான். தரையில் உட்கார அவனால் முடியாது.

"அண்ணே. அஞ்சும் உள்ள இருக்கு. கீழ சொட்டியிருக்கா?"

"ஒரு மணி. துணியில ஒத்திட்டேன்."

"அந்த ஒரு மணியை எனக்கு விட்டுடு. வண்டிக்கு எவ்வளவு வேணும்?"

ஸ்தோயில் கதவில் இருந்த சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார். "நாலரை."

"அப்ப வெளிய எவ்வளவு நிக்கணும்?"

அவர் பார்வை தரையில் உருண்டு கிடந்த குப்பிகளுக்குப் போனது.

"அரையை எடுத்து வெளிய நிறுத்து. உள்ள எவ்வளவுன்னு நீ பாக்கவே வேணாம். வெளிய அரை நின்னா உள்ள நாலரைதான், அதுக்கு வேற வழியே இல்ல." மின்கோ கைத்தடியை மாற்றிப் பிடித்தான். பிறகு, எப்போதும் ஜோக் சொல்லும் அதே குரலில், ஆனால் ஜோக் இல்லாமல் சொன்னான்: "அன்னிக்கு நாம என்ன பாத்தோம்? கேன் காலியாச்சான்னு பாத்தோம். நான் வாங்கின கேன். நானுந்தான் பக்கத்துல நின்னேன். எவ்வளவு மிஞ்சணும்னு ரெண்டு பேருமே கேக்கலை. நீ மட்டும் கேக்கலைன்னு பதினோரு வருசமா குழிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறே."

 எங்கோ ஒரு பால்கனியில் குடைமிளகாய் சுடும் வாசனை வந்தது. ஸ்தோயில் மூக்கைப் புறங்கையால் துடைத்தார். கன்னத்தில் ஆயில் அப்பிக்கொண்டது.

"குழிவான எனாமல் தட்டு எடுத்துட்டு வா," என்றார் மகளிடம். "சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, அப்புறம் காய வச்சு."

நிறைந்த சேம்பரின் போல்ட்டைத் திறப்பது சுலபமல்ல. கழன்ற கணத்தில் ஆயில் பீறிடும். அவர் குழிக்குள் நின்று, தட்டை நெஞ்சுக்கு ஏந்தி, போல்ட்டைக் கடைசிப் புரிவரை திருகி, உருவி, அதே மூச்சில் கட்டைவிரலால் துளையை அடைத்தார். விரலைக் கொஞ்சம் விலக்கினார். தேன் நூல் தட்டில் விழுந்தது. மணிக்கட்டு வழியே ஓடி முழங்கையில் தொங்கிய துளியும் தட்டுக்குள்ளேயே விழும்படி கையைச் சாய்த்தார். மேலே மூவரும் மூச்சை அடக்கி நின்றார்கள். போதும் என்று பட்டதும், வேறு புது வளையம் போட்ட போல்ட் துளைக்குள் ஏறியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

தட்டில் இருந்ததை ஒரு குப்பியில் கோடுவரை ஊற்றினார். ஒரு லிட்டர். மிஞ்சியதைப் புனல் வழியாக எஞ்சினுக்கே திருப்பினார். குப்பிகளில் அரை லிட்டருக்குக் கோடு கிடையாது. அவர் இன்னொரு காலிக் குப்பியைப் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, இரண்டிலும் ஆயில் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை குனிந்து பார்த்தார். கோலியோவும் குனிந்து பார்த்தான். "இடது பக்கம் ஒரு பொட்டு தூக்கலா இருக்கு அண்ணே," என்றான். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. ஸ்தோயில் ஒரு பொட்டை மாற்றினார். பிறகு ஒரு குப்பியை எஞ்சினுக்குள் ஊற்றி, அது கடைசித் துளியைத் தரும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தார். மற்றதைப் பலகையின் நடுவில் நிறுத்தினார். அரை லிட்டர். ஊசியை எடுத்து, அது நின்ற மட்டத்தில் குப்பியைச் சுற்றி ஒரு கோடு கீறினார்.  கோடு நேராகத்தான் இருந்தது.

எஞ்சினை ஓட்டும்போது அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. இரண்டு நிமிடம். "நிறுத்து." நெவேனா சாவியைத் திருகி உருவினாள். எஞ்சின் நின்றது. அவர் அந்த அமைதியைக் கேட்டார். "இன்னொரு தடவை." மறுபடியும் ஓடியது, மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவையும் சாவி வெளியே வந்ததும் எஞ்சின் நின்றது. பத்து நிமிடம் காத்திருந்து அளவுக்குச்சியை உருவித் துடைத்து, விட்டு, உருவினார். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு நகக்கண் கீழே நின்றது. குச்சியை மின்கோவிடம் நீட்டினார். மின்கோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை இடவலமாக ஆட்டினான்.

வண்டியை வெளியே எடுத்தார்கள். ஸ்தோயில் அந்த அரைக் குப்பியைப் பனியன் துணியில் சுற்றி, மூலையில் சாய்ந்துவிடாமல் இரண்டு மரக்கட்டை வைத்து வண்டியின் பின்பெட்டியில் நிறுத்தினார். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாவி அவர் விரல்களில் இருந்தது. நெவேனா வளையத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

"அந்தக் குப்பி பின்னால நிக்கணும். படுக்கக் கூடாது. குச்சியில கீழ்க்கோட்டுக்கு இறங்கினாத்தான் அதைத் தொடணும். அப்பவும் முழுசா ஊத்தக் கூடாது. தெரிஞ்சுதா?"

நெவேனாவின் முகவாய் கீழே இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. அவள் அப்பாவின் கண்ணைப் பார்த்தபடி தலையை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள், மறுபடியும் இடப்பக்கம்.

அவர் விரல்கள் சாவியை விட்டன.